சோப்புக்காரியின் கை

நிலத்துக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். நாற்றுப் பைகளையெல்லாம் லாரியில் ஏற்றியாகிவிட்டது. நாற்றங்கால்காரி மட்டும் பழைய மூங்கில் புதரடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூடையில் மண் அள்ளிக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் இடுப்புயரப் புல் காய்ந்து, மாலை வெயிலில் பித்தளையாய் மின்னுகிறது. காற்றுக்குத் தலைக்கு மேலே மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகுகின்றன. "ஏம்மா, போற இடத்துல மண்ணே இல்லையா?" லாரி டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மண்ணு கிடக்கு தம்பி. இது இருக்கணுமே." ஒரு வேரை நெம்பிக் காட்டுகிறாள். உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது, சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளைப் பூசணம். கல்யாணமான புதிதில், இதைச் சீக்கு என்று நினைத்து முந்நூறு நாற்றின் வேரையும் சோப்புத் தண்ணீரில் அலசி வைத்த மகராசி இவள்தான். பத்தே நாளில் அத்தனையும் வெளுத்துப்போயின. வீட்டுக்காரர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. இதே புதரடி மண்ணைப் பைக்கு ஒரு பிடி போட்டுக்கொண்டே, "வேருக்கு எட்டாத தண்ணியையும் சத்தையும் இதுதான் போய்க் கொண்டாந்து குடுக்குது, சோப்புக்காரி," என்றார். நாற்றுகள் தேறிவிட்டன, பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் இது இரண்டாவது கோடை. கூடையைச் சாக்கால் மூடுகிறாள். "கையைக் கழுவிட்டு ஏறுங்கம்மா." டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். வாங்கியவள், ஒரு சொட்டு விடாமல் சாக்கின்மேல் தெளிக்கிறாள். பிறகு முன் சீட்டில் ஏறி, கூடையை மடியில் இருத்தி, மண் அப்பிய கைகளாலேயே அணைத்துக்கொள்கிறாள்.