வேனுக்குள் ஒரு சிரிப்பு

இப்போதெல்லாம் சுவரைக் கண்டால் போதும், கேள்வி முறை இல்லாமல் யார் முகத்தையாவது வரைந்துவிடுகிறார்கள் என்று முணுமுணுத்தபடி ஆலைச் சுவரின் முன் கிழவர் நிற்கிறார். சாய்வெயிலில் ஈரப் பெயிண்ட் பளபளக்கிறது. ஓவியத்தில், பழைய வேலைநிறுத்தத்தில் பிடிபட்ட பெண்கள் போலீஸ் வேனுக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நடுவில் ஒருத்தி, உடைந்த முன்பல் தெரிய வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவளுக்குக் கீழே மட்டும் பெயர் இல்லை. “ஐயா, இது செத்துப்போன உங்க வீட்டம்மாதானே? நீங்க சொன்னாத்தான் பேரு எழுதுவேன்” என்கிறாள் ஏணிமேல் நிற்கும் ஓவியக்காரி. “இந்தச் சிரிப்பு நீயா சேத்ததா?” “நான் எதுக்குச் சேக்கிறேன்? இந்தப் பழைய போட்டோவைப் பாத்துத்தான் வரையறேன், பாருங்க.” அவர் அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோகிறார். சிரிப்பு அதிலும் இருக்கிறது. வீட்டில் அவளுக்குச் சிரிப்பு வந்தால், கையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். சேர்ந்து வாழ்ந்த முப்பது வருஷமும் அப்படித்தான். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு மண்ணில் விழுகிறது. “பல்லு அவளோடதுதான். சிரிக்கிறது வேற யாரோ.” “அப்ப பேரு எழுதட்டுமா, வேண்டாமா?” அவர் போட்டோவை ஏணிப்படியில் வைத்துவிட்டு நடக்கிறார். “ஜெயிலுக்குப் போறப்ப எவளாவது இப்படிச் சிரிப்பாளா” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே போகிறார்.