நெஞ்சில் விளக்கு

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார் உங்களுக்கு?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே சாப்பாட்டு மேஜைமேல் ஒரு நீலநிற சூப்பர்ஹீரோ உடை குப்புறக் கிடந்தது. ஒரு கையின் தையல் பிரிக்கப்பட்டு, சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள் வெளியே எட்டிப் பார்த்தன.

"முதல்ல உள்ளே வாங்க சார். டீ போடறேன்" என்றார் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். மனைவி போனபிறகு அந்த வீட்டில் அவரும் டி.வி.யும் மட்டும்தான்.

"டீயெல்லாம் வேண்டாம். புகார் வந்திருக்கு. தினமும் சாயங்காலம் இந்த வேஷத்தைப் போட்டுக்கிட்டு பால்கனியில நிக்கறீங்களாம். நேத்து உடம்பெல்லாம் எரிஞ்சுதாமே? பக்கத்து வீட்டம்மா தீப்பிடிச்சிருச்சுன்னு பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்களாம்."

"நேத்துதான் சார் லைட் போட்டேன்!" மெக்கானிக்கின் முகத்தில் வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

"சிரிக்காதீங்க சார். நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க. தனியா இருந்து இருந்து மனுஷனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு..."

மெக்கானிக் காதில் வாங்காதவர்போல் சமையலறைக்குள் இன்னொரு டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தார். அது எந்தப் பரணுக்குப் போனதோ, கிடைக்கவில்லை. தன் டம்ளரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு கிண்ணத்தில் டீயை ஊற்றிக்கொண்டார்.

"எதிர்க் கட்டடத்துல, மூணாவது மாடி ஜன்னல் தெரியுதா சார்?"

"தெரியுது. அதுக்கென்ன?"

"அங்கே ஒரு பாப்பா இருக்கு. சைக்கிள்ல இருந்து விழுந்து கால் முறிஞ்சு மாவுக்கட்டுன்னு வாட்ச்மேன் சொன்னார். எப்பப் பாரு ஜன்னலோரமாவே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் நான் குளிச்சிட்டு, துண்டைக் கழுத்துல கட்டிக்கிட்டு பால்கனிக்கு வந்தேன். அது என்னைப் பார்த்து முஷ்டியைத் தூக்கிக் காட்டுச்சு, பறக்கப் போற ஹீரோ மாதிரி. நானும் தூக்கினேன். என்னா சிரிப்பு சார் அதுக்கு!"

செயலாளர் டீயை உறிஞ்ச மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மறுநாள் போர்வையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அப்புறம் போய் இந்த உடையை வாங்கினேன். இப்பல்லாம் சீக்கிரமே இருட்டிடுது. நான் நிக்கறது அதுக்குத் தெரியலை, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்குது. அதான் சார் லைட். ஓடியாடற வயசுல ஒரே இடத்துல கிடக்கற குழந்தை. நான் வரலேன்னா ஏங்கிடும்."

செயலாளர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேஜைப் பக்கம் வந்தார்.

"இப்ப என்ன ரிப்பேர்?" என்றார் செயலாளர். குரல் இறங்கியிருந்தது.

"ஒரேயடியாக் கையை ஆட்டினதுல முழங்கைக்கிட்ட ஒயர் அறுந்துடுச்சு. மடங்கற இடத்துல தொய்வா விட்டிருக்கணும். அவசரத்துல இறுக்கி இழுத்துட்டேன்."

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க பத்த வைங்க."

மெக்கானிக் ஈயத்தை உருக்கி இரண்டு நுனிகளையும் ஒட்டினார். செயலாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"நம்ம சங்கத்துல எல்லாருமே பத்த வைக்கிற ஆளுங்கதான் சார். இப்படிப் பத்த வைக்கிறவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே புதிதாகப் பட்டிருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

வெளியே வெளிச்சம் மங்கியது. அவர் பிரித்த தையலை மூட்டிவிட்டு, உடையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டார். வியர்வை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட பேட்டரியை இடுப்புப் பெல்ட்டில் செருகினார். தொப்பை கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் இருந்தது. சுவிட்சைத் தட்டியதும் நெஞ்சில் நீலமாக ஒரு நட்சத்திரம் எரிந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெளிச்சம் ஓடியது.

பால்கனியில் போய் நின்று முஷ்டியை உயர்த்தினார்.

எதிர் ஜன்னலில் சின்னதாக ஒரு முஷ்டி உயர்ந்தது. பிறகு இரண்டு கைகளும் படபடவென்று ஆடின. முகமூடிக்குள் மெக்கானிக் சிரிப்பது செயலாளருக்குக் கேட்டது.

"சங்கத்துல நான் பேசிக்கறேன் சார். நீங்க பாட்டுக்கு நில்லுங்க" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் கீழே இறங்கினார்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. இப்படியொரு மனுஷன் எதிரில் இருப்பது அந்தக் குழந்தையின் அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா? தெருவைத் தாண்டி எதிர்க் கட்டடத்துக்குப் போனார். அம்மாக்காரியை வாட்ச்மேன் காட்டினார், படிக்கட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அவள் ஏனோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாப்பாவுக்கு எப்பம்மா கட்டுப் பிரிக்கறாங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் படிகளில் தடதடவென்று சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவி ஒரு சிறுமி இறங்கி வந்தாள். முற்றத்தில் அவளுக்காகக் காத்திருந்த பிள்ளைகள், "இன்னும் எவ்வளவு நேரம்? சீக்கிரம் வா!" என்று கத்தினார்கள்.

"கட்டு எப்பவோ பிரிச்சாச்சுங்க" என்றாள் அம்மா மெல்ல. "ஆனா பொழுது சாஞ்சா போதும், விளையாட்டைப் பாதியில போட்டுட்டு மேலே ஓடிடறா. நான் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா."

சிறுமி செயலாளரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு விரலை உதட்டில் வைத்தாள்.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள். நான் ஜன்னல்ல இல்லேன்னா அவர் யாருக்குக் கை காட்டுவார்? பாவம், அவர் வீட்டுல யாருமே இல்லை!"