திரைக்கு உள்ளே

தங்கை இறந்த செய்தி வந்ததிலிருந்து ஜெசிந்தாவை யாரும் தொடவில்லை. புறப்பட்ட ஊரின் விமான நிலையத்தில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நின்றாள். மூன்று விநாடியில் பச்சை விளக்கு எரிந்தது. விமானம் மாறிய ஊரில் ஷூவை யாரும் கேட்கவில்லை, பெல்ட்டை மட்டும் கேட்டார்கள். அங்கே கையுறை போட்ட ஒருத்தி தொடலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, பிறகு தேவையில்லை என்று அனுப்பிவிட்டாள். இரண்டு இடத்திலும் ஜெசிந்தா நன்றி சொன்னாள்.

சென்னையில், தூத்துக்குடி விமானத்துக்கு, பெண்களுக்குத் தனி வரிசை. திரைக்குப் பின்னால் ஒரு சின்ன மரமேடை. "ஏறி நில்லுங்க. கைய விரிங்க" என்றாள் சீருடைப் பெண். அவள் கையிலிருந்த சோதனைக் கருவி தோளில், இடுப்பில், காலில் ஓடியது. அதன் பின்னாலேயே வெறுங்கை ஒன்று முதுகில் இறங்கியது.

"முடிஞ்சுது, இறங்குங்க."

ஜெசிந்தா இறங்கவில்லை. விரித்த கைகள் விரித்தபடியே இருந்தன.

"இன்னொரு தடவ பாத்துருங்க."

"ஒண்ணுமில்லம்மா. சத்தமே வரலையே."

"நல்லாப் பாருங்க. முதுகுல."

வெளியே வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சீருடைப் பெண் கருவியை ஸ்டூலில் வைத்தாள். விலகியிருந்த திரையை இழுத்து மூடினாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஜெசிந்தாவின் முதுகில் வைத்து, எடுக்காமலே, "தவறுனது யாரும்மா?" என்று கேட்டாள்.