பவானிக்குப் பச்சை டிக்

தாராவிச் சந்தின் மாடியறையில் ட்யூப்லைட் கண்சிமிட்டுகிறது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, மாரிசெல்வி டீச்சர் டேப்லெட்டைத் தூக்கிப் படம் எடுக்கிறாள். முகம் பார்த்து வருகை போடும் ஏஐ வந்தபிறகு, வராத பிள்ளைகளைச் சந்து சந்தாகத் தேடிப்போகும் ஷமீமாவை, வேலை குறைந்துவிட்டதென்று இந்த மாலை வகுப்பை நடத்தும் டிரஸ்ட்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பவானி பெயருக்கு நேரே பச்சை டிக் விழுகிறது. பவானியின் இடத்தில், அவளுடைய தொளதொள யூனிஃபார்மில் ஊக்கு குத்திக்கொண்டு, அதே முகஜாடையில் தங்கச்சி நிவேதா உட்கார்ந்திருக்கிறாள். “ஒங்க அக்கா எங்கட்டி?” “பை பட்டறைல நூல் வெட்டுதா டீச்சர். இங்க குடுக்குற அவ வடாபாவ் வீணாப் போயிரக்கூடாதுன்னு அம்மா என்னைய அனுப்புனா.” மாரிசெல்வி அந்த டிக்கை எடுக்க விரலால் அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். ‘முகம் உறுதி செய்யப்பட்டது’ என்று மட்டும் வருகிறது. நிவேதா எட்டித் திரையைப் பார்க்கிறாள். “வரலன்னு போட்டா, அக்காவக் கூப்பிட ஆளு வரும்லா டீச்சர்?” இத்தனை பிள்ளைகளைத் தனியே விட்டு மாரிசெல்வியால் படியிறங்க முடியாது. எதிர்ப் பட்டறை ஜன்னலில், தோல் பைகளுக்கு நடுவே, பவானியின் ரெட்டைச் சடை குனிந்தே இருக்கிறது. திரையில் அவள் வகுப்பில் இருக்கிறாள்.