கோட்டை நோட்டில் ஒரு பெயர்

எப்படி ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்று யெல்காவுக்குப் பயம்.

"கோட்டை நோட்டுல யாரு பேரு?" என்று கேட்டால் புருஷன் ஷிமே சிரித்து மழுப்பிவிடுவான். "ருஷாவா?" என்று நேராகக் கேட்டு, அது இல்லையென்று ஆகிவிட்டால்? முப்பது வருஷக் குடித்தனம். கேட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது.

எல்லாம் நேற்று சாக்ரெப் நகரத்திலிருந்து வந்த மலையேறிகளால் வந்தது. கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள், அவள் காபி ஊற்றும் கடையில் உட்கார்ந்து ஒரே சிரிப்பு.

"மேல தகரப் பெட்டியில நோட்டு இருக்குல்ல? அதுல 'அடுத்து எங்கே போகிறீர்கள்'னு ஒரு கட்டம். எல்லாரும் ஏதாவது மலை பேரு எழுதறாங்க. ஒருத்தன் மட்டும் வாராவாரம் ஒரு பொம்பளை பேரு எழுதறான்!"

யெல்காவின் கை காபியைத் தட்டில் கொட்டியது. "யாரு அவன்?"

"ஷிமேன்னு போட்டிருந்துச்சு."

"அந்தப் பொம்பளை?"

"யாருக்குக்கா ஞாபகம்! ஏதோ சின்னப் பேரு. எந்த ஊர் ராணியோ!"

அவள் ஷிமேதான். சனிக்கிழமை தவறாமல் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு ஏறுவான், பாறைகளில் வழிக்குறி பூச.

சின்னப் பேரென்றால் ருஷாதான். பக்கத்து வீட்டு விதவை. துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணியைக் கழற்றி ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் உதட்டுச்சாயம். போன வாரம்கூட வேலியோரம் நின்று, "ஷிமே மாதிரி ஆம்பளை கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டி" என்றாளே! அப்போது உறைக்கவில்லை.

கேட்பதைவிடப் பார்த்துவிடுவது மேல். இன்றும் காலையில் ஏறி இறங்கிய ஷிமே, பீன்ஸ் சூப்பைக் குடித்துவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்ததும் யெல்கா கிளம்பினாள்.

கோட்டைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் உயரம் என்றாலே தலை சுற்றும். ஒருநாளும் ஏறியதில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளத்தில் சிக்கோலா ஆறு. பாதிக்கு மேல் தவழ்ந்தே போனாள். பொறாமைதான் பின்னால் நின்று தள்ளியது.

கோபுரச் சுவரில் தகரப் பெட்டி. நோட்டை விரித்தாள். கடைசியாக எழுதியிருந்தது, இன்றைய தேதி.

பெயர்: ஷிமே. அடுத்து எங்கே: யெல்காவிடம்.

பக்கத்தைப் புரட்டினாள். யெல்காவிடம். இன்னொரு பக்கம். மழையில் மை கலைந்து, அங்கேயும் யெல்காவிடம்.

"பாவி மனுஷா! வீட்டுல ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னியா?"

அழுகை வந்தது. கூடவே வடகாற்றும் வந்தது. பிடித்தால் ஆளையே தூக்கும் காற்று. கீழே பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே வந்தவர் யாராயிருந்தாலும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். யாராவது விழுந்தால் மீட்புக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் தேடுவார்கள். எழுதாதவர்களை யார் தேடப் போகிறார்கள்?

பேனாவை எடுத்தாள். 'யெ' போடப் போனவள் நிறுத்தினாள். அடுத்த சனிக்கிழமை ஷிமே இதைப் பார்ப்பான். "தலை சுத்தறவ எதுக்குடி ஏறினே?" என்பான். உன்னைச் சந்தேகப்பட்டு ஏறினேன் என்றா சொல்வது?

எழுதாமல் இறங்கவும் பயம். எழுதவும் பயம். ஏதோ ஒரு பேர் இருந்தால் போதாதா?

ஷிமேயின் பெயருக்கு நேர் கீழே, அதே தேதியைப் போட்டு, நேற்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருந்த பெயரையே கையெழுத்தை மாற்றி எழுதிவிட்டு இறங்கினாள்: ருஷா.