புதுசு வர மூணு வாரம்

டக்கென்று ஒரு சத்தம். டுவேன் கையிலிருந்த ஸ்பேனர் பிடிமானம் இழந்து சுழல்கிறது. போல்ட்டின் தலை முறிந்து சிமென்ட் தரையில் உருளுகிறது. டொலிடோ நகரத்து மெக்கானிக் ஷெட்டின் தகரக் கூரை ஜூலை வெயிலில் முறுமுறுக்கிறது. முப்பது வருடப் பழைய டர்போ காரின் எஞ்சின் மேஜையில் பிரிந்து கிடக்க, பிஸ்டன் ராடைக் கிராங்கோடு இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டின் மீதித்துண்டு உள்ளே பளபளக்கிறது. கூட்டாளி லொரெட்டா குனிந்து தலைத்துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறாள். "டேய், இது பழசுல்ல? ஒரு தடவ முறுக்கினாலே இழுபட்டுடும், குப்பையில போடுன்னு சுவத்துல எழுதி ஒட்டினதே நீதானே மகராசா!" டுவேன் சிரிக்கவில்லை. "புதுசு வர மூணு வாரம் ஆகும்னாங்க. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு." "கையிலயே உடைஞ்சுதேன்னு சந்தோஷப்படு. ஓட்டத்துல உடைஞ்சிருந்தா ராடு எஞ்சினையே கிழிச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கும்." அவன் கிரீஸ் விரலால் போனை அழுத்திக் காதில் வைக்கிறான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுப்பாரில்லை. மறுபடியும் அழுத்துகிறான். "யாருக்குடா இப்படி அடிக்கிற?"

"உன் தம்பிக்கு. காலைல ரேஸ் டிராக்குக்கு ஓட்டிட்டுப் போனானே, அந்த வண்டிக்கும் பழசத்தான் மாட்டினேன்."