வத்தளையா, களனியா

"வத்தளையிலேயே வேற வீடு பாருங்க, மகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம்—" "களனின்னா ஸ்டோருக்கு நடந்தே போயிரலாம், சொல்றதக் கேளு—" செல்வமலரும் அவள் புருஷன் யோகநாதனும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு பேசுகிறார்கள். பேலியகொடை ஸ்டோரில் அவனுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில், வீடு பார்க்குமுன்பே தேயிலைத் தோட்டத்து வேலையாள் பதிவிலிருந்து தன் பேரை வெட்டிக்கொண்டுவிட்டவள் அவள். பேர் இல்லாதவர்களுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை; இந்தக் காம்பராவையும் விட்டுவிட வேண்டும். வாசலில் அடுத்துக் குடிவரப்போகிறவர்களின் ஈர விறகு இப்போதே அடுக்கியிருக்கிறது. அதன் மேல் பனி இறங்குகிறது. மகள் பள்ளிப் புத்தகங்களை உரபேக் சாக்கில் ஒவ்வொன்றாக வைக்கிறாள். போன் அடிக்கிறது. கேட்டுவிட்டு யோகநாதன் அதை மெல்ல இறக்குகிறான். "வத்தளை வீட்டுக்காரர் சொன்னதேதான் களனிக்காரரும் சொல்றாரு. புள்ளைங்க இருக்கிற குடும்பம் வேணாமாம்." வெளியே இன்னொரு விறகுக்கட்டு தொப்பென்று விழுகிறது. செல்வமலர் மகளைப் பார்க்காமல் சொல்கிறாள்: "நமக்குப் புள்ளையே இல்லைன்னு சொல்லிப் பாருங்களேன்."